ஆளில்லாக் கால்தடங்கள்

விளம்பரப் படம் எடுக்க வந்தவர்கள் எங்கள் உப்பளத்தை விட்டுப் போன மறுநாள், காலை ஆறு பத்துக்கு, பெரிய வரப்பின் மேல் கால்தடங்கள் ஆளில்லாமல் ஓடின. முதலில் பார்த்தவள் சுயம்புக்கனி. நானூறு ஏக்கர் அளத்தில் பொம்பளைகள் ஒதுங்குவதற்கு இருந்த ஒரே மறைவு பம்ப் கொட்டகையின் பின்சுவர்தான்; அங்கிருந்து சேலையை உதறிக்கொண்டு வந்தவள், ஈரக் களிமண்ணில் வலது பாதம் ஒன்று பதிவதையும், ஆறடி தள்ளி இடது பாதம் ஒன்று பதிவதையும், அதற்கு மேலே காலோ முழங்காலோ ஒன்றுமே இல்லாமல் வெறும் காற்று இருப்பதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, பின்னால் வந்துகொண்டிருந்த தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்து வரப்போரமாக இழுத்தாள்.

"தள்ளி நில்லுட்டி. யாரோ அவசரமாப் போறாவ."

பஸ்ஸுக்கு வழிவிடுகிற மாதிரி இருவரும் உப்புச் சுமக்கிற வெறும் பெட்டிகளோடு ஒதுங்கி நின்றார்கள். தடங்கள் அவர்களைத் தாண்டி, உப்பைக் குவித்து வைக்கிற மேடுவரை போய் நின்றுபோயின. பிறகு இருவரும் பாத்தியில் இறங்கி வாருபலகையை எடுத்தார்கள், ஏனென்றால் வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரியாக வேண்டும், அது யார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாரியாக வேண்டிய உப்பு.

யாருடைய தடம் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. முந்தின நாள் அந்த வரப்பில் ஓடியவன் முனிராஜ். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன், ஆயிரம் மீட்டர் ஓட்டத்தில் நாட்டிலேயே அவனை மிஞ்ச ஆளில்லை, சுவரொட்டிகளில் அவன் படத்துக்குக் கீழே 'தேசத்தின் கால்கள்' என்று போட்டிருந்தது. எங்கள் கம்பெனி உப்பைத் தின்றால் அவனைப் போல ஆகலாம் என்று சொல்வதற்காக அவனைக் கூட்டிவந்திருந்தார்கள். பம்ப் கொட்டகையிலிருந்து மேடுவரை சரியாக ஆயிரம் மீட்டர். வெறுங்காலோடு ஓடினால்தான் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று டைரக்டர் சொல்லிவிட்டதால், அவன் பாதத்தில் ஒரு கீறல் விழக்கூடாது என்று நாங்கள் நாற்பது பேர் மூன்று நாள் அந்த வரப்பைக் கையால் தடவித் தடவிக் கிளிஞ்சல் ஓட்டையும் உப்புச் சில்லையும் பொறுக்கினோம். இரண்டு நிமிடம் இருபத்தெட்டு விநாடியில் அவன் ஓடி முடித்தான். ஒருவன் வெந்நீர்ச் சட்டியோடும் ஒருவன் துண்டோடும் ஒருவன் புதுச் செருப்போடும் காத்திருந்தார்கள். பாதத்தைத் துடைக்கக் கொடுத்துக்கொண்டே அந்தப் பையன் எங்கள் பாதங்களைப் பார்த்தான், வெடிப்புக்குள் உப்பு வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்திருந்த பாதங்களை. பார்த்துவிட்டுச் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் போய்விட்டான், அவன் ஓட்டம் போகவில்லை. தினமும் ஆறு பத்துக்கு அது ஓடியது, மழை தூறினாலும் ஓடியது, நல்ல வெள்ளியன்றும் ஓடியது, ஆடி அமாவாசையன்றும் ஓடியது. ஊர் அதைப் பாதம் என்றே கூப்பிட்டது. முதல் வாரம் கோயில்காரர்கள் வந்து பூசணிக்காய் உடைத்தார்கள், சர்ச்சிலிருந்து வந்து ஜெபம் பண்ணினார்கள், பாதம் இரண்டையும் மிதித்துக்கொண்டு போனதால் அது யாருடைய சாமியும் இல்லை என்று முடிவாயிற்று. இரண்டாம் வாரம் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் கடிகாரத்தோடு வந்து நின்று, ஒரு விநாடி கூடவில்லை குறையவில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார். நாய்கள் இரண்டு நாள் குரைத்துவிட்டு மூன்றாம் நாள் சலித்துப்போய்ப் படுத்தன. மேட்டோரத்தில் ஒருவன் டீக்கடை போட்டான். தூத்துக்குடியிலிருந்து கடைக்காரர்களும் வக்கீல்களும் ஸ்கூட்டரில் வந்து பாதத்தைப் பார்த்து, தங்கள் வயிற்றைக் குனிந்து பார்த்து, வெட்கப்பட்டு, மறுநாளிலிருந்து வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டு கடற்கரைச் சாலையில் வேகுவேகென்று நடக்க ஆரம்பித்தார்கள். வீடுகளில் புருஷன்மார் பெண்டாட்டிமாரைப் பார்த்து, காலே இல்லாத காலு அந்த ஓட்டம் ஓடுது, உனக்கு மாடி ஏற மூச்சு வாங்குதா என்று கேட்டார்கள். நாங்கள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு பத்துக்கு ஒதுங்கி நிற்போம், ஆறு பதின்மூன்றுக்குள் வேலைக்கு இறங்கிவிடுவோம்.

சுயம்புக்கனிக்கு ஐம்பத்திரண்டு வயது, இடது முழங்கால் எப்போதும் பப்பாளிப் பழம் மாதிரி வீங்கியிருக்கும். "அந்தக் காலுக்கு வயிறு கெடையாதுட்டி, அதான் ஓடுது" என்பாள். தங்கபுஷ்பம் சிரிப்பாள். பதினாறு வயதிலிருந்து உப்புச் சுமந்து முப்பத்தொன்பதைத் தொட்டிருந்த தங்கபுஷ்பத்துக்குச் சுயம்புக்கனியை விட்டால் அளத்தில் வேறு சொந்தமில்லை. இருபது வருசம் இருவரும் ஒரே பாத்தியில் எதிரும் புதிருமாக நின்று வாரியவர்கள்.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும். ஒருநாள் காலை மேலாளர் தயாளன் ஜீப்பை நிறுத்தி இறங்கி, பாதம் ஓடுவதை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, பெட்டியோடு ஒதுங்கி நின்ற எங்களையும் பார்த்தார். நாங்கள் அவர் கண்ணில் அப்போது என்னவாகத் தெரிந்தோம் என்று எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

"உடம்பே இல்லாம ரெண்டரை நிமிஷத்துல போகுது" என்றார் கங்காணி ராசமணியிடம். "உடம்பை வச்சுக்கிட்டு இதுங்க கால் மணி நேரம் எடுத்துக்குதுங்க."

"பெட்டி முப்பது கிலோ இருக்குல்லா சார்" என்றார் ராசமணி.

"பெட்டி ஒரு சாக்கு."

அடுத்த வாரம் மேட்டோரமாக ஒரு பந்தல் போட்டார்கள். சென்னையிலிருந்து சஹானா என்றொரு பெண் வந்தது, இருபத்து நான்கு வயது இருக்கும், உடல்தகுதி ஆலோசகர் என்று கழுத்தில் அட்டை தொங்கியது. எங்களை வரிசையில் நிற்கவைத்து விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள், கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்கள், விரல் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள், ஒரு ஸ்டூலில் மூன்று நிமிடம் ஏறி இறங்கச் சொன்னார்கள். எல்லாவற்றையும் எழுதி ஒரு பெரிய தாளில் போட்டுப் பந்தல் காலில் ஒட்டினார்கள். தாளின் மேலே முனிராஜின் படம், கீழே எங்கள் பெயர்கள். சும்மா இருக்கும்போது முனிராஜின் இதயம் நிமிடத்துக்கு முப்பத்தெட்டு தடவை துடிக்கிறது, சுயம்புக்கனியின் இதயம் தொண்ணூற்றாறு தடவை துடிக்கிறது. முனிராஜின் ரத்தத்தில் இரும்பு இவ்வளவு, தங்கபுஷ்பத்தின் ரத்தத்தில் அதில் பாதி. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் கடைசிக் கட்டத்தில் ஒரு சொல்: நன்று, சுமார், மோசம். நன்று என்று ஒருத்திக்கும் இல்லை. சுமார் என்று ஏழு பேர். மற்றவர்கள் எல்லாரும் மோசம்.

அந்தப் பெண் கெட்டவள் இல்லை. ஒவ்வொருத்தியையும் உட்காரவைத்து இதமாகத்தான் பேசியது.

"அக்கா, நீங்க தினமும் முப்பது நிமிஷம் நடக்கணும்."

தங்கபுஷ்பத்துக்கு ஒரு குணம் உண்டு, கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். "எங்கம்மா நடக்க?" என்று கேட்டாள்.

"எங்க வேணாலும். பார்க்ல, பீச்ல. அப்புறம் எட்டு மணி நேரம் தூக்கம், தினமும் ரெண்டு முட்டை, மூணு லிட்டர் தண்ணி."

"தண்ணி குடிச்சா எங்க போறது?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. சுயம்புக்கனி பம்ப் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி, "நூத்தி நாப்பது பொம்பளைக்கு அந்தச் செவுருதான் தாயி. அதுலயும் பின்னால லாரி வந்துட்டா அடக்கிக்கிட வேண்டியதுதான். அதனால நாங்க குடிக்கிறதில்ல" என்றாள். சஹானா எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தச் சுவரைப் பார்த்தது. அப்புறம், அதை எழுதுவதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லாததால், அடுத்த பெயரைக் கூப்பிட்டது.

மறுநாள் ராசமணி கையில் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்தார்கள். இனிமேல் ஒவ்வொருத்தியும் வெறும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாதம் கிளம்பும்போது கிளம்ப வேண்டும், ஆறு நிமிடத்தில் கொடி இறங்கும், இறங்குவதற்குள் மேட்டை எட்டாதவளுக்கு அன்றைக்குக் கூலி அட்டை கிடையாது, வீட்டுக்குப் போகலாம். தயாளன் பேசினார். இது தண்டனை இல்லை, உங்கள் ஆரோக்கியத்துக்காக, உலகமே ஓடுகிறது, நீங்களும் ஓடுங்கள். அதோ அந்தப் பாதத்தைப் பாருங்கள், அது சம்பளமா கேட்கிறது, லீவா கேட்கிறது, ஓடுவதற்காக ஓடுகிறது.

நாங்கள் ஓடினோம். எங்கள் அளத்தில் பொம்பளைகள் ஓடியதைக் கடல் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, சுனாமி அன்றைக்குத் தவிர. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஒரு கையால் பெட்டியையும் ஒரு கையால் மாரையும் பிடித்துக்கொண்டு, வழுக்கும் களிமண்ணில் வெறுங்காலோடு, டீக்கடையில் நின்ற ஆம்பளைகள் விசிலடிக்க, எங்களுக்கு முன்னால் பாதம் தன் ஆறடித் தாவலில் தாவித் தாவிக் கண்ணுக்கு மறைந்துபோக, நாங்கள் ஓடினோம். வயதானவர்கள் முதல் வாரத்திலேயே கழிந்துபோனார்கள். மாசமாக இருந்த ஒருத்தி தானாகவே நின்றுகொண்டாள். அவர்கள் சுமக்க வேண்டிய பெட்டிகளையும் மிச்சமிருந்தவர்கள் சுமந்தோம். ஓடிவந்த மூச்சு அடங்குமுன்னே முப்பது கிலோவைத் தலையில் ஏற்றினோம். ஊரில் அதற்கும் பழகிக்கொண்டார்கள். இன்னைக்கு எத்தன பேரு விழுந்தாவ என்று, மீன் என்ன விலை என்று கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டார்கள். ஆறு நிமிடம் ஐந்தரையாயிற்று. ஐந்தரை ஐந்தாயிற்று.

ஐந்து நிமிடம் ஆன அன்று செவ்வாய்க்கிழமை. சுயம்புக்கனி முழங்காலில் வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"எக்கா, நீ இன்னைக்கு வேண்டாம். வீட்டுக்குப் போ" என்றாள் தங்கபுஷ்பம்.

"வீட்டுல போயி என்னத்தட்டி பாக்க? செவுத்தையா?"

அவளுக்குப் பயம், பின்னால் கிளம்பினால் எட்டமாட்டோம் என்று. அதனால் பாதம் வருவதற்கு முன்னாலேயே, கொடி வைத்திருந்த ராசமணி பாராத நேரம், கால்வாசி தூரம் நடந்து போய் அங்கிருந்து ஓட ஆரம்பித்தாள். நாங்கள் பின்னால் ஓடிவந்தபோது அவள் நடு வரப்பில் குப்புறக் கிடந்தாள். பெட்டி பாத்தித் தண்ணீரில் மிதந்தது. பாதம் எங்களை முந்திப் போனது. ஒதுங்கும் என்று நினைத்தோம். ஒதுங்கவில்லை. இடுப்பில் ஒன்று, முதுகு நடுவில் ஒன்று, தோள்பட்டையில் ஒன்று என்று மூன்று அடி வைத்து, அவள் மேலேறி, அந்தப் பக்கம் இறங்கி, மேட்டுக்கு ஓடியது. அன்றைக்கும் இரண்டு நிமிடம் இருபத்தெட்டு விநாடிதான்.

தங்கபுஷ்பம் அவளைத் திருப்பிப் போட்டபோது மூச்சில்லை.

வீட்டில் குளிப்பாட்டுகிறபோது முதுகில் அந்த மூன்று தடமும் உப்புப் பூத்து வெள்ளையாக நின்றன. வெந்நீர் ஊற்றிப் பார்த்தார்கள், சீயக்காய் தேய்த்துப் பார்த்தார்கள், போகவில்லை. தடத்தோடுதான் எரித்தோம். மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்தது. இறந்தவரின் உடல்தகுதி ஏற்கெனவே மோசம் என்று பதிவாகியிருப்பதாலும், அவர் விதிக்கு மாறாக முன்கூட்டியே கிளம்பியதாலும், மரணத்துக்குக் காரணம் உடல்தகுதிக் குறைவு. அடியில் சஹானாவின் கையெழுத்து.

தங்கபுஷ்பம் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அந்தப் பையன் எங்க இருக்கான்?" என்றாள். டீக்கடைக்காரன்தான் டிவியில் பார்த்த மலைமேல் பயிற்சி முகாமின் பெயரைச் சொன்னான். ஒரு பகல் முழுக்கப் பஸ் மாறி மாறிப் போனாள்.

அங்கே வாசலில் விட மறுத்தார்கள். "அவன் பாதம் எங்ககிட்ட இருக்கு, சொல்லுங்க" என்றாள். சொன்னதும் அவனே ஓடிவந்தான். பனிக்கட்டித் தொட்டியிலிருந்து எழுந்து வந்திருந்தான், உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது. சிமெண்டுத் தரையில் அவன் நடந்து வந்த வழியைத் தங்கபுஷ்பம் பார்த்தாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கிடந்தது, ஒரு பாதம்கூடப் பதிந்திருக்கவில்லை.

"அன்னைலருந்து இப்படித்தாங்க்கா" என்றான் முனிராஜ். "யாருகிட்டயும் சொல்லல. மூணு செகண்ட் போயிருச்சு எனக்கு. கோச் சாப்பாட்ட மாத்துறாரு, டாக்டர மாத்துறாரு. எங்கியோ விட்டுட்டேன்னு தெரியும், எங்கன்னு தெரியல."

"ஒரு நாளைக்கு எவ்வளவு தூங்குத?"

"ஒம்பது மணி நேரம். மத்தியானம் ரெண்டு."

"எவ்வளவு ஓடுத?"

"பன்னெண்டு, பதினஞ்சு கிலோமீட்டருங்க."

"பெட்டியோடயா?"

அவன் தன் பாதங்களைக் குனிந்து பார்த்தான். அவள் சுயம்புக்கனியைப் பற்றிச் சொன்னாள், தாழ்ந்த குரலில், ஒன்றையும் கூட்டாமல், முதுகில் வைத்த மூன்று அடிகளைச் சொன்னாள். முனிராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்கம்மா கல்லு ஒடைக்கிறவங்கக்கா" என்றான். "என் கூட அவங்கள யாரும் அளந்து பார்த்ததில்ல. நானும் பார்த்ததில்ல."

"அழுகாத. வந்து உன் காலக் கூட்டிட்டுப் போ."

அவளோடேயே வந்தான். மறுநாள் ஆறு பத்துக்கு, ஊரே வரப்போரம் நின்று பார்க்க, தன் பாதத்தோடு சேர்ந்து ஓடினான். பாதி தூரம் தோளுக்குத் தோள் போனதுபோலத் தெரிந்தது. அப்புறம் பாதம் முந்தியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்க ஓடியும், பாதம் மேட்டை எட்டி மூன்று விநாடி கழித்துத்தான் எட்டினான். எட்டி, குனிந்து, இரண்டு கையாலும் அந்தக் கடைசித் தடத்தைப் பொத்தினான். கைக்கு வெறும் மண்தான் அகப்பட்டது.

தயாளன் ஜீப்பில் வந்து இறங்கினார். முனிராஜ் கும்பிட்டான். "சார், இதை நிறுத்திருங்க. இது என் ஓட்டம். இதை வச்சு இவங்கள ஓட்டாதீங்க."

"தம்பி, ஒப்பந்தத்தை நீங்க வாசிச்சிருக்க மாட்டீங்க" என்றார் தயாளன், சிரித்த முகமாகவே. "உருவம், குரல், கையெழுத்து, நடை, அடிச்சுவடு. அஞ்சு வருஷத்துக்குக் கம்பெனிக்குச் சொந்தம். நாலாவதும் அஞ்சாவதும் நானே சேர்க்கச் சொன்னது."

முனிராஜ் அவரை விட்டுத் திரும்பினான். தங்கபுஷ்பத்திடம் போய், "எனக்கொரு பெட்டி குடுங்க" என்றான்.

சும்மாடு சுற்றி வைத்து இரண்டு பேராகத் தூக்கிவிட்டோம். வெறுங்காலோடு நடந்தான். முதல் நடை பதினாலு நிமிடம், நாங்களே அசந்துபோனோம். மூன்றாம் நடையில் உப்புத் தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கி அரிக்க ஆரம்பித்தது. நான்காம் நடையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எப்படிக்கா இந்த வெளிச்சத்துல என்று கேட்டான். ஐந்தாம் நடையில் உள்ளங்கால் வெடித்தது. ஆறாம் நடை இருபத்து மூன்று நிமிடம், முடிவில் பெட்டியை இறக்கவில்லை, போட்டான். பெட்டிக்குப் பக்கத்தில் அவனும் விழுந்தான்.

"மத்தியானக் கஞ்சிக்கு முன்னால இன்னும் எத்தன நடைக்கா?"

"நாலு" என்றாள் தங்கபுஷ்பம். "கஞ்சிக்குப் பொறவு ஆறு."

பந்தலில் இருந்து சஹானா ஓடிவந்து அவன் விரலில் கிளிப்பை மாட்டியது. எண்ணைப் பார்த்தது. கை பழக்கத்தில் தாளில் எழுதியது. எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினோம் என்று பார்த்தது: முனிராஜ், மோசம். தயாளன் தாளை வாங்கிப் பார்த்து, கசக்கித் தண்ணீரில் எறிந்துவிட்டு, நாளையிலிருந்து நாலரை நிமிடம் என்று ராசமணியிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் காலை நாங்கள் யாரும் ஓடுவதற்கு நிற்கவில்லை. கழிந்துபோன கிழவிகளையும் வரச் சொல்லியிருந்தோம். நூற்று நாற்பது பேரும் வரப்பை அடைத்துக்கொண்டு, காலை நீட்டி, ஒருத்தி மடியில் ஒருத்தி முதுகு படும்படி உட்கார்ந்தோம். முதல் ஆளாகத் தங்கபுஷ்பம். கடைசியில் காலில் துணி சுற்றிக்கொண்டு முனிராஜ். ராசமணி கொடியை வைத்துக்கொண்டு, "ஏட்டி, எந்திரிங்கட்டி, மிதிச்சிரும்ட்டி" என்று கத்தினார். அவர் குரலில் பயம் இருந்தது, அது எங்களுக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆறு பத்துக்குத் தடங்கள் கிளம்பின. வந்தன. தங்கபுஷ்பத்தின் தொடையில் வலது பாதம் ஏறியது. குளிர்ந்திருந்தது என்று பிறகு சொன்னாள், பனிக்கட்டித் தொட்டிக்குள் இருந்து வந்த மாதிரி. ஏறிய மாத்திரத்தில் இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கால் வலையில் விழுந்த சீலா மீன் மாதிரித் துள்ளியது. அவள் விடவில்லை. இடது காலைப் பின்னால் இருந்தவள் பிடித்தாள். இழுத்த இழுப்பில் இருவரும் வரப்பில் புரண்டார்கள், முழங்கை உரிந்தது, ரத்தம் வந்தது, விடவில்லை.

"பெட்டியக் கொண்டாங்கட்டி!" என்றாள் தங்கபுஷ்பம். அவள் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ரொப்பிய பெட்டியைக் கொண்டுவந்தோம். எங்கே வைப்பது? முனிராஜ் எழுந்து நொண்டிக்கொண்டு வந்து, தன் உயரத்துக்குக் கையைக் காட்டினான். நான்கு பேர் சேர்ந்து தூக்கி அந்த உயரத்தில் காற்றில் வைத்தோம். பெட்டி நின்றது. ஒரு கணம் ஆடி, நிலைத்து நின்றது. களிமண்ணில் பதிந்திருந்த இரண்டு தடமும் ஒரு விரக்கடை கீழே இறங்கின.

"இப்பப் போ" என்று தங்கபுஷ்பம் கையை எடுத்தாள்.

பாதம் போயிற்று. ஓடவில்லை. ஆறடித் தாவல் ஓரடியாகக் குறைந்து, குதிகால் ஆழமாகப் புதைந்து, பெட்டி எங்கள் தலைகளுக்கு மேலே வெறுங்காற்றில் இடமும் வலமுமாக அசைந்துகொண்டே போக, நாங்கள் வரப்பின் இரண்டு பக்கமும் பாத்தித் தண்ணீரில் இறங்கி அதற்கு வழிவிட்டுக் கூடவே நடந்தோம். கால்வாசி தூரத்தில், நாங்கள் எல்லாரும் மூச்சுவிட நிற்கிற மதகடியில், அதுவும் நின்றது. ராசமணி கடிகாரத்தைப் பார்த்தார், ஜீப்பின் பக்கத்தில் நின்ற தயாளனைப் பார்த்தார்.

"நாலரை நிமிஷம் ஆயிட்டு" என்றார்.

"கொடிய எறக்கும் அண்ணாச்சி" என்று யாரோ ஒருத்தி சொன்னாள். அப்புறம் எல்லாரும் சொன்னோம். "எறக்கும்! எறக்கும்! அட்டையப் பறியும்! வீட்டுக்கு அனுப்பும்!" அந்தச் சத்தத்தில் மேட்டில் உட்கார்ந்திருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. ராசமணி கொடியை இறக்கினார். இறக்கி, அதைத் தண்ணீரில் போட்டார்.

பெட்டி மேட்டுக்குப் போய்ச் சேர இருபத்தோரு நிமிடம் ஆனது. அங்கே தானாகக் கவிழ்ந்து உப்பைக் கொட்டியது. அதற்குப் பிறகு தடங்கள் திரும்பவில்லை, மறுநாளும் வரவில்லை. பெட்டி கவிழ்ந்த அன்றே மத்தியானம் முனிராஜ் டீக்கடை வாசலில் கால் கழுவிவிட்டு நடந்தபோது, சிமெண்டுப் படியில் ஈரமாக இரண்டு பாதம் பதிந்தது. வலது பாதத்தின் நடுவில் வெடிப்பு ஒன்று கோடாகத் தெரிந்தது. அடுத்து வந்த போட்டியில் அவனுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை என்று கேள்வி.

ஆனால் நாங்கள் அந்தப் படியைப் பார்க்க நிற்கவில்லை. நூற்று நாற்பது பேரும், இடுப்புவரை களிமண்ணோடு, கம்பெனி ஆபீசுக்குள் போனோம். கண்ணாடிக் கதவுக்குள் அதுவரை ஒருத்திகூடப் போனதில்லை. குளுகுளுவென்று இருந்தது. வெள்ளைத் தரையெல்லாம் எங்கள் கால்தடம் ஆயிற்று. தயாளன் தொலைபேசியை எடுத்தார், தங்கபுஷ்பம் அதை வாங்கிக் கீழே வைத்தாள். இடுப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்து, மூலை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சஹானாவின் முன்னால் வைத்தாள். தாள் வியர்வையில் நைந்து போயிருந்தது.

"இதுல காரணம்னு ஒண்ணு போட்டிருக்கல்லா. அத அடி."

சஹானா தயாளனைப் பார்த்தது.

"அவர ஏன் பாக்க? கையெழுத்து உன்னுது."

"சஹானா, நீ இதுல ஒரு எழுத்து மாத்தினா..." என்று தயாளன் ஆரம்பித்தார். அவரைச் சுற்றி நூற்று நாற்பது பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். அவர் முடிக்கவில்லை.

அந்தப் பெண் பேனாவை எடுத்தது. உடல்தகுதிக் குறைவு என்பதை ஒரே கோடாக அடித்தது. "என்ன எழுதணும்க்கா?"

"நடந்தத எழுது."

அது எழுதியது. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டது.

"வாசி."

"மரணத்துக்குக் காரணம், அவரை ஓட வைத்தார்கள்."

"இங்க பின்னால நிக்கிறவளுக்குக் கேக்கல" என்றாள் தங்கபுஷ்பம். "பேரச் சொல்லி, சத்தமா வாசி."

சஹானா எழுந்து நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு, சுயம்புக்கனியின் பெயரைச் சொல்லி, சத்தமாக வாசித்தது.

"இன்னொரு தடவ" என்றாள் தங்கபுஷ்பம்.